மிசைல் இல்லை, தேங்காய்தான்

தனக்கு மலையாளம் தெரியும் என்று என் அம்மா மங்கலம் உறுதியாக நம்பினாள். பூதப்பாண்டியிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த காலத்திலிருந்தே பழவங்காடிக் கடையில் உட்கார்ந்து அவள் மலையாளத்தில்தான் வியாபாரம் செய்தாள். வாங்க வருகிறவர்கள் அதைத் தமிழ் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களோ, "மங்கலம் முழு மலையாளத்தி ஆயிட்டாளே" என்று வாயைப் பிளந்தார்கள். நானும் தம்பி பத்மகுமாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே வளர்ந்தோம். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து வட்டி கட்டுவோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கணபதி கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் கடை. கற்பூரம், ஊதுபத்தி, கருக மாலை எனும் அருகம்புல் மாலை, எல்லாவற்றையும் விடத் தேங்காய். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுதான் வழிபாடு. காலை முதல் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அது சத்தம், எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. நின்றால்தான் கவனிப்போம். வயதானவர்கள், கையில் தெம்பில்லாதவர்கள் யாராவது கடையில் தேங்காய் வாங்கினால் பத்மகுமாரையே கூட்டிக்கொண்டு போய் உடைக்கச் சொல்வார்கள். அவன் வீசினால் ஒரே வீச்சில் தூள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேறு பெருமைப்பட என்ன இருந்தது அவனுக்கு? ஐ.டி.ஐ. முடித்தான், வேலை கிடைக்கவில்லை, அப்பா பிச்சையா காலமானபிறகு கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டான்.

பிரபின் என்ற பையன் எங்கள் கடை வாசலை ஒட்டித் தள்ளுவண்டி போட்டு மொபைல் கவரும் சார்ஜரும் விற்றுக்கொண்டிருந்தான். வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எங்கள் வாசலையே மறைத்துவிடுவான். அம்மா தினமும் சண்டை போடுவாள், அவன் தினமும் கொஞ்சம் பின்னால் இழுப்பான், மறுநாள் மறுபடி வருவான். இது சண்டையே இல்லை, வாடிக்கை. ஆனால் அன்று அவனுக்கு என்ன கோபமோ, "போ பாண்டித் தள்ளே" என்று சொல்லிவிட்டான். இந்த ஊரில் தமிழர்களைப் பாண்டி என்பதை நாங்கள் கேட்காததல்ல. தள்ளே என்றால் கிழவி. இரண்டையும் சேர்த்துப் பெற்ற தாயிடம் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் சுருக்கென்று வரும். சொன்னதோடு நிறுத்தாமல் வாசலில் இருந்த தேங்காய்க் கூடையையும் காலால் எத்திவிட்டுத் திரும்பி நடந்தான்.

பத்மகுமார் உள்ளே கல்லாவில் நின்றிருந்தான். கையில் ஒரு தேங்காய். யாருக்கோ நாரைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். அவன் கை என்றைக்குத் தப்பியது, அன்றைக்குத் தப்ப? பிரபினின் காதுக்கு மேலே பட்டது. அவன் கீழே உட்கார்ந்தான், பிறகு படுத்தான். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டான்.

என் தம்பி குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. ஒரு தாய் பெற்ற பிள்ளை எங்கள் கடைத் தேங்காயால் செத்தான். அதை எந்த வார்த்தையாலும் துடைக்க முடியாது. ஆனால் அவன் எறிந்தது ஆத்திரத்தில், ஒரே ஒரு தரம், நின்ற இடத்தில் நின்று. துரத்திப் போய்க் கொல்லவில்லை. நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். செய்ததற்கு மட்டும் தண்டனை கொடுங்கள். செய்யாததற்குக் கொடுக்காதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபடியே சொன்னாள்:

"எனக்க மவன் தேங்காயெ எடுத்து வீசி அடிச்சான் சாரே!"

ரைட்டர் அதை அப்படியே மலையாளத்தில் எழுதினார். 'தேங்ஙா எடுத்து வீசி அடிச்சு.' அவர் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மா சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் மாற்றவில்லை. மாற்றாததுதான் வினையாயிற்று.

தேங்காயை வீசி அடித்தான் என்றால் எந்தத் தமிழனுக்கும் எறிந்தான் என்றுதான் தோன்றும். பொருள் கையை விட்டுப் போய்விட்டது. மலையாளத்தில் வீசினால் பொருள் கையிலேயே இருக்கும். விசிறியை வீசுகிறோமே, கத்தியை வீசுகிறோமே, அந்த வீச்சு. ஆக, பத்மகுமார் தேங்காயைக் கையில் பிடித்து ஓங்கி அடித்தான் என்றாகிவிட்டது. பிரபினின் கூட்டாளி ஒருவன் வேறு, பத்மகுமார் கடையை விட்டு இறங்கி ஓடிப்போய், தேங்காயின் குடுமியைப் பிடித்துத் தலையில் அடித்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னான். இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிரபின் சண்டையை விட்டு நடந்து போய்க்கொண்டிருந்தான், இவன் துரத்திப் போய்க் கொன்றான். அப்படியானால் அது கொலை. தெருவில் அத்தனை கேமரா இருந்து என்ன? ஒன்று கோயில் பக்கம் திரும்பியிருந்தது, எங்கள் கடையிலிருந்தது வெறும் பூச்சாண்டி. அதற்குள் வயரே கிடையாது.

எங்களுக்கு வக்கீல் லிஜோ. வஞ்சியூர்க் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஆபீஸ். சின்ன வயசு. ஆனால் வாய்தா வாங்கிக் காலம் தள்ளுகிற ஆள் இல்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ராகேலைக் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்த அன்று சாயங்காலம் என்னை வரச் சொன்னார். அம்மாவையும் கூட்டிப் போனேன். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"வேணி சேச்சி, டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. மிசைல்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிசைலா? என்ன சார் சொல்றீங்க?"

"பேடிக்கண்டா, பயப்படாதீங்க. மிசைல்னா ராக்கெட்டு மாத்திரம் இல்லெ." மொபைலை எடுத்து இங்கிலீஷ் அகராதியைக் காட்டினார். முதல் பொருள் நமக்கெல்லாம் தெரிந்ததுதான், வெடிகுண்டைச் சுமந்துகொண்டு தானே பறந்து போய்த் தாக்குவது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. தாக்குவதற்காக எறியப்படும் எந்தப் பொருளும். "கல்லு, பாட்டில், செருப்பு, சட்டசபையில எறியுற பேப்பர் வெயிட், எல்லாம் மிசைல்தான். கிரிக்கெட் கிரவுண்டுல மிசைல் கொண்டுவரக்கூடாதுன்னு எழுதி வச்சிருப்பாங்க. பாகிஸ்தான்காரன் விடுறது இல்லெ, தண்ணி பாட்டில். அனுப்புறதுன்னு அர்த்தமுள்ள பழைய லத்தீன் வார்த்தை. கை அனுப்பினது. அவ்வளவேயுள்ளூ."

"அதனால நமக்கு என்ன சார்?"

அவர் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தார். "இது என் கையில இருக்கும்வரை வெப்பன். கையை விட்டா மிசைல்." சோபாவின் மேல் தூக்கிப் போட்டார். "மிசைலால வந்த காயமா இருக்கலாம்னு டாக்டர் ஒத்துக்கிட்டாங்க. கையில பிடிச்சு அடிச்சிருக்கவே முடியாதுன்னும் சொல்லலெ. அதனால இனி எல்லாம் அம்மா சொல்றதுலதான் இருக்கு. தேங்கா மகனோட கையை விட்டுப் போச்சுன்னு அம்மா சொன்னா, அவன் கடைக்குள்ளயே நின்னான்னு ஆகும். துரத்திப் போகலை. அப்புறம் கொலை இல்லெ. மனப்பூர்வமல்லாத நரஹத்ய, வேணும்னு செய்யாத கொலை. குறைஞ்ச தண்டனை. உள்ளே இருந்த காலத்தையும் கழிச்சுப் பார்த்தா சீக்கிரம் வெளியே வந்துடலாம்."

அவர் வாயில் அன்று மிசைல் மிசைல் என்று எத்தனை தடவை வந்ததோ! நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த வார்த்தை இனிக்கவே ஆரம்பித்துவிட்டது. அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கலாமா என்று கேட்டேன். லிஜோ கையெடுத்துக் கும்பிட்டார். "தயவு செய்து ஒண்ணும் படிப்பிச்சு விடாதீங்க. சொல்லிக்கொடுத்த சாட்சின்னு தெரிஞ்சா அரசு வக்கீல் கிழிச்சுடுவார். அம்மா கண்டதைச் சொன்னா மதி, அது போதும். கண்டது நமக்குச் சாதகம்தானே?"

சரியான பேச்சுத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆட்டோவில் வரும்போது அம்மா கேட்டாள். "வக்கீல் மிசைலு மிசைலுன்னு சொன்னாரே, அது என்ன மக்ளே?"

"அது நமக்கு நல்ல வார்த்தைம்மா. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

அம்மா தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நல்ல வார்த்தை என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியாதா? அப்பாவுக்குக் குடலில் கேன்சர் முற்றிக் கிடந்தபோது நானும் பத்மகுமாரும் வெறும் அல்சர்தான், நல்ல மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே அம்மாவைக் கடைசி வாரம்வரை கொண்டுவந்தோம். அப்படி ஏமாந்தவள், பிள்ளைகள் நல்லது என்று சொல்லும் எதையும் அதற்கப்புறம் நம்பவில்லை. மிசைல் என்றால் டிவியில் பார்த்திருக்கிறாள். எல்லையில் சண்டை நடந்தபோது வீட்டில் டிவி முழுக்க அதுதான். வெள்ளையாகப் புகைவிட்டுப் போகும், அப்புறம் கட்டிடமே இருக்காது. நிச்சயம் செய்துகொள்ள வாடகை வீட்டு மாடியில் குடியிருக்கும் ஸ்ரீலக்ஷ்மி மாமியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். மாமிக்குக் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்த வீடு. அவள் மருமகன் ராக்கெட் ஆபீஸில் ஏதோ கணக்கெழுதுகிறான். ஆகவே மாமியே விஞ்ஞானி.

"அதுவா, ஊரையே அழிச்சுடும்டீ மங்கலம். சாதாரண மனுஷா கையில இருந்தா தூக்குத்தான்," என்றாளாம் மாமி.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று இரவு முழுக்க அம்மா முருகன் படத்துக்கு முன் உட்கார்ந்திருந்தாள். தம்பியை நினைத்து அழுகிறாள் என்று நான் நினைத்தேன். பிள்ளை மேல் குண்டு கேஸ் போடுகிறார்கள், அதை மகளும் வக்கீலும் சேர்ந்து தன்னிடம் மறைக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. கோர்ட் வராந்தாவில் இருந்ததே ஒரு பெஞ்சு. பிரபினின் அம்மா ரோஸ் அதன் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா மறுமுனையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ரோஸின் மடியில் பிரபினின் போட்டோ ஒன்று பிளாஸ்டிக் கவரில் இருந்தது. எறிந்ததா அடித்ததா என்று அன்று முழுவதும் நாங்கள் மாரடித்துக்கொண்டிருந்தோமே, அந்த மனுஷிக்கு இரண்டும் ஒன்றுதான். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிரே, போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் பத்மகுமார் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். ஜட்ஜ் ஒரு பெண். பரிவோடுதான் கேட்டார்.

"தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணோ அம்மே?"

அம்மா நிமிர்ந்தாள். "வேண்டா மேடம். எனக்கு மலையாளம் நல்லோணம் அறியாம்." நன்றாகவே தெரியுமாம்.

நான் பின்வரிசையில் இருந்தேன். லிஜோவைப் பார்த்தேன். அவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவில்லை. அவரும் மலையாளி, அம்மா பேசினால் அவருக்கு எல்லாம் புரிகிறது என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

லிஜோவின் கேள்விகளுக்கு அம்மா நன்றாகவே பதில் சொன்னாள். கூடையை எத்தினது, தள்ளே என்றது, மகன் கல்லாவில் நின்றது, எல்லாம். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். தலை நரைத்த, அமைதியான ஆள். அவர் வேண்டுமென்றே குழி வெட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன். லிஜோவின் மிசைல் வாதத்தைக் கொஞ்சம் கிண்டல் செய்ய நினைத்தார், அவ்வளவுதான்.

"அம்மே, டாக்டர் பறயுன்னு இது மிசைல் கொண்ட காயம்னு. உங்க மகன் மிசைல் எறிஞ்சானோ?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அவள் காத்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான். கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ இல்லெ சாரே! மிசைலு ஒண்ணும் இல்லெ. எனக்க மவன் அப்படிப்பட்டவன் இல்லெ!"

அரசு வக்கீலின் முகத்திலிருந்து கிண்டல் போய்விட்டது. லிஜோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"பின்னெ அவன் கையில என்ன இருந்தது?"

"தேங்கா. தேங்கா மட்டும்தான் சாரே."

"அது கையை விட்டுப் போச்சா?" கையை விட்டுப் போவது என்றால் அம்மாவுக்கு டிவியில் பார்த்த மிசைல்தான்.

"இல்லெ சாரே, பிள்ளையாராணெ! அவனுக்க கையை விட்டு ஒண்ணும் போகல்லெ. நான் பாத்துட்டுதானே இருந்தேன்? ஒண்ணுமே போகல்லெ."

"அப்போ தேங்காகொண்டு அடிச்சதுதான்?"

"ஆமா சாரே. தேங்காகொண்டு மட்டும்தான்."

"அம்மா!" என்று கத்திவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது. ஜட்ஜ் தலையைத் தூக்கினார். பெண் போலீஸ் ஒருத்தி வந்து கையைப் பிடித்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டாள். கதவுக் கண்ணாடி வழியாகத்தான் மிச்சத்தைப் பார்த்தேன். லிஜோ பதறி எழுந்து மறுபடி கேள்வி கேட்டார். மகன் எப்படி அடித்தான், காட்டுங்கள் அம்மே, என்று கேட்டிருக்கிறார். அம்மா, "வீசி அடிச்சான்," என்று கையை ஓங்கினாள். கூண்டு குறுகல். மேலே ஓங்கிய கை முன்னால் போக இடமில்லாமல் பக்கவாட்டில் இறங்கியது. பக்கத்தில் நிற்பவன் மண்டையில் அடிப்பது மாதிரியே இருந்தது. ஜட்ஜ் அதைப் பார்த்து டைப்பிஸ்டுக்குச் சொன்னார், டைப்பிஸ்ட் அடித்தார்.

மொழிபெயர்ப்பாளர் வைத்து மறுபடி விசாரிக்க வேண்டும் என்று லிஜோ மன்றாடினார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சாட்சியே சொல்லிவிட்டார், கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதிலும் சொல்லியிருக்கிறார் என்று ஜட்ஜ் முடித்துவிட்டார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

வெளியே வந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அப்பா போனபிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வக்கீலும் மறைச்சா எனக்குத் தெரியாதா மக்ளே? மிசைலு கேசை நான் உடைச்சுப்போட்டேன், பாத்தியா? இனி அவனெத் தூக்கில போட முடியாது."

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது. எதுவும் செய்யவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

தீர்ப்பு சொன்ன அன்று ஜட்ஜ் அந்த வரியை வாசித்தார். குற்றம் சாட்டப்பட்டவனின் கையை விட்டு எதுவும் போகவில்லை என்று அவனைப் பெற்ற தாயே சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்ற அர்த்தத்தில். டாக்டர் சொன்ன மிசைல் அந்த வரிக்குக் கீழே செத்துப்போய்க் கிடந்தது. கொலைக் குற்றம் நிரூபணம். ஜீவபர்யந்தம், அதாவது ஆயுள் தண்டனை.

ரோஸ் போட்டோவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்து போனாள். அம்மா என் காதருகே குனிந்தாள்.

"ஜீவன்னு சொன்னாரே மக்ளே, ஜீவனை விட்டாச்சுல்லா?"

"ஆமாம்மா."

"அது போரும்."

பூஜப்புரை ஜெயிலுக்கு நான் தனியாகத்தான் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பத்மகுமார் முடி வெட்டப்பட்டு, சின்ன வயசில் இருந்த மாதிரியே நின்றான். ஹைகோர்ட்டில் அப்பீல் போடலாம் என்று லிஜோ சொன்னதைச் சொன்னேன். அம்மாவிடம் இப்போதாவது எடுத்துச் சொல்லி, அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு மனுவில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும் என்றேன்.

"வேண்டாம் அக்கா," என்றான்.

"என்னடா வேண்டாம்? ஆயுசு பூராவும்டா!"

"அம்மா நெனச்சிட்டிருக்கா, என்னைக் காப்பாத்திட்டோம்னு. அப்படியே இருக்கட்டும். சொன்னா செத்துருவா." வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டான். "அந்தப் பையனைக் கொன்னதும் நான்தானே? எறிஞ்சு கொன்னா என்ன, அடிச்சுக் கொன்னா என்ன? அவன் முகம் ராத்திரி வருது அக்கா."

அம்மாவிடம் சொல்வதில்லை என்று அவனிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா இல்லாமல் அப்பீல் போட முடியுமா என்று பார்க்கிறேன் என்றார் லிஜோ. பேச்சில் பழைய வேகம் இல்லை.

கடையை வேறொருவருக்கு விட்டுவிட்டோம். வாடகை வருகிறது, அம்மா பழவங்காடிப் பக்கமே போகாமல் இருந்தாள். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து நின்றாள்.

"மிசைலு கேசு ஒழிஞ்சா பிள்ளையாருக்கு ஒரு விடலை போடுகேன்னு நேந்திருந்தேன் மக்ளே. நாள் போய்ட்டே இருக்கு. வா, போட்டுட்டு வருவோம்."

விடலை என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளையாருக்கு உடைக்கும் சிதறு தேங்காய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருந்தது? கூட்டிப் போனேன். எங்கள் பழைய கடையைத் தாண்டும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு கடையில் நல்ல கனமான தேங்காயாகத் தட்டிப் பார்த்து வாங்கினாள்.

தேங்காய் உடைக்கும் இடத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்றிருந்த பெரியவர் ஒருவர் அம்மாவின் வயதைப் பார்த்து, தானே உடைத்துத் தரட்டுமா என்று கேட்டார். அம்மா சம்மதிக்கவில்லை. முன்பெல்லாம் வயதானவர்களுக்கு உடைத்துக் கொடுத்தவனுக்காக வந்த நேர்ச்சை இது, நானே போடுவேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தேங்காயை ஓங்கினாள். பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்துத் தன் மலையாளத்தில் உரக்கச் சொன்னாள்:

"மாறி நில்லுங்கோ, ஞான் வீசி அடிக்கான் போகுவா!"

பெண்கள் பதறி விலகினார்கள். பெரியவர் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு.

"அய்யோ அம்மே, வீசி அடிச்சா கூட நிக்குன்னவரோட தலயில கொள்ளும்! வீசண்டா, எறிஞ்ஞா மதி."

அம்மாவும் சிரித்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே சாரே?"

"ஒண்ணல்ல அம்மே." அவர் தன் கையிலிருந்த பிரம்பைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். "இது வீசுறது. கையில தன்னெ இருக்கும். எறிஞ்ஞா கையை விட்டுப் போகும்." அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அம்மாவின் சிரிப்பு நின்ற இடத்தை நான் பார்த்தேன். ஓங்கிய கை மெதுவாக இறங்கியது. அவள் உதடுகள் அசைந்தன. கையை விட்டு, கையை விட்டு என்று சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. அதை மறைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அப்போ," என்றாள். "கோர்ட்டில நான் என்ன சொன்னேன் மக்ளே?"

தேங்காயை அவளிடமிருந்து வாங்கக் கையை நீட்டினேன்.

"வேணி. அந்த நல்ல வார்த்தைன்னியே, மிசைலு. அதுக்கு என்ன அர்த்தம்? சொல்லு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேகமாக ஆகட்டும் என்றார்கள். யாரோ எங்களைத் தாண்டி எறிந்த தேங்காய் உடைந்து, தண்ணீர் எங்கள் இருவர் காலிலும் தெறித்தது. அம்மா அசையவில்லை. அவளுடைய தேங்காய் கையிலேயே இருந்தது.